நீச்சல் டவுசர்: ஆறு வருஷம் போட்டுப் பார்த்த பிறகு

புதுச்சேரியில் கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும், நீச்சலுக்கென்று தனியாக ஒரு உடை எனக்கு இருந்ததில்லை. பழைய ஜீன்ஸை முட்டியோடு வெட்டிப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குவோம், அவ்வளவுதான். 2019 மே மாதம் குடும்பத்தோடு மலேசியாவின் லங்காவி தீவுக்குப் போக டிக்கெட் போட்ட பிறகுதான் மனைவி கேட்டாள்: "தண்ணில இறங்க உங்களுக்கு என்ன எடுத்து வைக்கிறது?" பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் மாலத்தீவு, பிரான்ஸ் என்று இன்னும் இரண்டு பயணம். இதுவரை எனக்கு மட்டும் நாலு உருப்படி வாங்கியாகிவிட்டது. ஒன்று குப்பைக்குப் போனது, ஒன்று இப்போது ஸ்கூட்டர் துடைக்கிறது, இரண்டு இன்னும் உழைக்கின்றன.

கடையில் நிற்கும்போது, தண்ணீருக்குள் இது எப்படி இருக்கும் என்றுதான் யோசிப்போம். குடும்பத்தோடு போகிறவன் தண்ணீரில் இருப்பது ஒரு மணி நேரம். அதே ஈரத்தோடு படகில், வேனில், சாப்பாட்டுக் கடையில், ஒரு கையில் பிள்ளை ஒரு கையில் செருப்பு என்று திரிவது நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தை மனதில் வைத்து வாங்கவேண்டும் என்று எனக்குப் புரிய மூணு வருஷம் ஆனது.

முதல் உருப்படி நேரு வீதியில் 450 ரூபாய்க்கு வாங்கியது. பளபளவென்று பாலியஸ்டர் துணி, இடுப்பில் எலாஸ்டிக், உள்ளே ஜட்டிக்குப் பதிலாக வெள்ளை வலை. கடைக்காரர் அந்த வலையைத்தான் பெருமையாக இழுத்துக் காட்டினார். லங்காவியில் பந்தாய் செனாங் கடற்கரையில் அலை வந்து சாய்க்கும் இடமாகப் பார்த்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது வலைக்குள் ஒரு கைப்பிடி மணல். உதறினால் போகாது, அவிழ்த்தால்தான் போகும், அவிழ்க்க இடமில்லை. அப்படியே விடுதிக்கு அரை கிலோமீட்டர் நடந்தேன். ராத்திரி இரண்டு தொடையிலும் தோல் உரிந்து சிவந்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு காலை அகட்டிப் படுத்திருந்தேன். மறுநாள் நகவெட்டியோடு இருந்த குட்டிக் கத்தரியால் வலையை முழுசாக வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இறுக்கமான நைலான் டிராயர் ஒன்று போட்டுக்கொண்டேன். பிரச்சினை தீர்ந்தது.

பாக்கெட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த டவுசரில் பாக்கெட் முழுத் துணி, தண்ணீர் வெளியேற ஓட்டை கிடையாது. குதித்தால் காற்று அடைத்து இரண்டு பக்கமும் பலூன் மாதிரி உப்பும், கரையேறினால் ஆளுக்குக் கால் லிட்டர் தண்ணீர் சுமக்கும். அதற்குள் பணம் வைத்திருந்ததை மறந்து இறங்கிவிட்டேன். மலேசியாவில் ஒரு ரிங்கிட், ஐந்து ரிங்கிட் நோட்டுகள் பிளாஸ்டிக். துடைத்து நீட்டினேன், கடைக்காரப் பெண் வாங்கிக்கொண்டாள். ஐம்பது ரிங்கிட் நோட்டு காகிதம். மடித்தபடி ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நடுவில் கிழிந்தது. நம் காசுக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல். டவுசர் விலையே 450.

அந்தப் பயணத்தில் அப்பாவும் வந்திருந்தார். விடுதி நீச்சல் குளத்தில் பட்டாபட்டி டவுசரோடு இறங்கப் போனவரைப் பணியாள் பணிவாக நிறுத்திவிட்டார். பருத்தித் துணி கூடாதாம். காரணம் இருக்கிறது: பருத்தியிலிருந்து நூல் பிசிறு உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் போகும். நம்மூர் ரிசார்ட்டுகளிலும் 'நைலான் உடை மட்டும்' என்று பலகை வைப்பது இதனால்தான். அப்பாவுக்கு இது ஏறவேயில்லை. "குளத்துல குளிக்கிறவனுக்கு யூனிஃபார்மா?" என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் மூன்று நாளும் கடலில் மட்டும்தான் குளித்தார். கடலில் யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஒழுங்காக நீச்சல் கற்றுக்கொள்ளலாம் என்று வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பயிற்சியாளர் சொல்லி வாங்கியது ஜாம்மர்: முட்டிக்கு மேல் வரை தோலோடு ஒட்டிப் பிடிக்கிற சைக்கிள் டவுசர் மாதிரி. நீந்துவதற்கு இதற்கு ஈடில்லை. உரசல் கிடையாது, தண்ணீர் சுமக்காது. ஆனால் துணியில் நைலானோடு லைக்ரா கலந்திருந்தது. குளோரினுக்கு லைக்ராவைக் கண்டால் ஆகாது, அந்த இழுவை நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். நடுவில் கொரோனாவில் குளம் மூடிக் கிடந்த மாதங்களைக் கழித்தால், நான் போட்டது மொத்தம் பதினாலு மாதம். பின்பக்கம் தளர்ந்து தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் மனைவி அதைக் கொடியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் இருந்த முருங்கை மரம் தெரிந்தது. "இதைப் போட்டுக்கிட்டா வாரா வாரம் போனீங்க?"

குளத்துக்கென்றே வாங்குகிறவர்கள் லேபிளில் பாலியஸ்டர், பிபிடி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குளோரினைத் தாங்கும் கலவை அது. கையில் கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் நாள்பட உழைக்கும். ஏறியவுடன் சாதாரணத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் போடவேண்டும். நான் ஈரத்தோடு பாலிதீன் பையில் சுருட்டி மாலைவரை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருந்தேன். பாதித் தப்பு என்னுடையது.

மூன்றாவதுதான் நான் யாருக்கும் தயங்காமல் சொல்வது: போர்டு ஷார்ட்ஸ். 2022 டிசம்பரில் மாலத்தீவுக்காக டெக்கத்லான் கடையில் வாங்கியது. அலைச்சறுக்குக்காரர்களுக்கென்று வந்த வடிவம். பலகையில் குப்புறப் படுக்கும்போது எலாஸ்டிக் வயிற்றில் உறுத்தக்கூடாது என்று இடுப்புப் பட்டை தட்டையாக இருக்கும். நாடாவும் வெல்க்ரோவும்தான் பிடிமானம். என்னைப் போல் தொப்பை உள்ளவனுக்கு இது பெரிய வரம். எலாஸ்டிக் வைத்தது தொப்பைக்குக் கீழே சுருண்டு இறங்கும், ஒவ்வொரு அலைக்கும் ஒரு கை இடுப்பிலேயே இருக்கவேண்டும். இது இழுத்துக் கட்டிய இடத்தில் நிற்கும். வாங்கும்போது நாடா உண்மையானதா என்று இழுத்துப் பாருங்கள். சிலதில் அழகுக்கு முன்னால் மட்டும் தைத்திருப்பார்கள். கட்டுவதும் சுருக்கு முடிச்சாக இருக்கட்டும். நனைந்த நாடாவில் முடிச்சு இறுகினால் பல்லால்தான் அவிழ்க்கவேண்டும், அது பல் எட்டுகிற இடமில்லை.

நாங்கள் தங்கியது ரிசார்ட்டில் இல்லை, மாஃபுஷியில், தலைநகர் மாலேயிலிருந்து வேகப்படகில் போகிற தீவு. ஊர்மக்கள் வாழும் தீவு என்பதால் அங்கே ஒழுங்கு உண்டு. பிக்கினிக்கென்று தடுத்து ஒதுக்கிய கடற்கரை தனி. மற்ற இடங்களில் அடக்கமாக உடுத்தவேண்டும், ஆண்களும் சட்டையில்லாமல் தெருவில் திரிவதை ஊர்க்காரர்கள் விரும்புவதில்லை. முட்டி வரை வருகிற போர்டு ஷார்ட்ஸும் மேலே ஒரு முழுக்கை நீச்சல் பனியனும் இருந்தால் படகிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடலாம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கெட்டுக்கு அடியில் வலை இருந்ததால் நாற்காலியும் நனையவில்லை.

அந்தப் பனியனைப் பற்றி ஒரு வார்த்தை. 'கருப்புத் தோலுக்கு வெயில் என்ன செய்யும்' என்று சொல்லிக்கொண்டுதான் நானும் போனேன். ஸ்நார்கலிங்கில், அதாவது வாயில் மூச்சுக் குழாயோடு கடலடியைப் பார்த்தபடி, மணிக்கணக்கில் குப்புற மிதக்கிறோம், வெயில் முழுக்க முதுகுப் பக்கம்தான். யுபிஎஃப் 50 போட்ட பனியன் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். முதுகு தப்பியது. ஷார்ட்ஸுக்குக் கீழே கெண்டைக்கால் இரண்டும் வெந்துபோய், திரும்பும் விமானத்தில் காலை மடக்க முடியவில்லை. சன்ஸ்க்ரீன் பூசும்போது முன்பக்கம் மட்டும் பூசியிருந்தேன்.

பையனுக்கு அதே தடவை இளநீல ஷார்ட்ஸ் வாங்கிக் கொடுத்தது என் தப்பு. புறப்படுவதற்கு முந்தின வாரம் நம்மூர்க் குளத்தில் கரையில் உட்கார்ந்து பார்க்கிறேன், ஆளைக் காணோம். மூன்று நான்கு வினாடிதான். தண்ணீருக்கு அடியில்தான் இருந்தான், நீலத்துக்குள் நீலம். ஏறி வந்து சிரித்தான். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே பளீர் ஆரஞ்சில் வேறு வாங்கினோம். பிள்ளைகளுக்கு நீலம், சாம்பல், வெள்ளை எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்கும் வெள்ளை வேண்டாம், அதன் காரணம் வேறு.

2023 ஆகஸ்டில் அக்கா வீட்டுக்குப் பாரிஸ் போனோம். அவள் இருப்பது புறநகரில். நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கே உண்டு. நகராட்சி பிசினுக்குக் கூட்டிப்போனாள். பிசின் என்றால் பிரெஞ்சில் நீச்சல் குளம். நான் தைரியமாகப் போர்டு ஷார்ட்ஸோடு கிளம்பினேன். வாசலிலேயே படம் போட்டுச் சிவப்புக் கோடு அடித்திருந்தது. மாமா சொன்னார்: "இதை வெளியில நாள் முழுக்கப் போட்டுக்கிட்டுச் சுத்திட்டு அப்படியே தண்ணில இறங்குவான்னு அவங்களுக்குப் பயம் தம்பி. ஸ்லிப் போட்டாத்தான் விடுவான். தலைக்கு பொனேயும் வேணும்." ஸ்லிப் என்றால் இறுக்கமான நீச்சல் ஜட்டி, பொனே என்றால் நீச்சல் தொப்பி. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்கவேண்டும் என்பதும் சட்டம். நடையில் ஒரு எந்திரம், நம்மூரில் குளிர்பானம் விழுகிற மாதிரி நீச்சல் ஜட்டி விழுகிறது. பதினைந்து யூரோ சொச்சம் கொடுத்து அரையடிக் கறுப்புத் துணி ஒன்று வாங்கினேன்.

அக்கா, மாமா, மாமாவின் தம்பி குடும்பம் எல்லோரும் இருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வர எனக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. வந்து பார்த்தால் எழுபது வயதுப் பெரியவர்கள் என்னைவிடப் பெரிய தொப்பையோடு அதே ஜட்டியில் நின்று கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்தது என் பையன் மட்டும்தான். அவன் இன்னும் அந்தக் கதையைச் சொந்தக்காரர்களிடம் சொல்கிறான். பிரான்ஸ் போகிறவர்கள் இறுக்கமான பாக்ஸர் வெட்டு நீச்சல் டிராயர் ஒன்று இங்கேயே வாங்கிப் போங்கள், மானமும் காசும் மிச்சம். ஜாம்மரைச் சில குளங்களில் விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். கடற்கரை என்றால் அங்கேயும் ஷார்ட்ஸ் தாராளமாகப் போடலாம்.

போர்டு ஷார்ட்ஸுக்கு இப்போது மூன்றாவது வருஷம். நிறம் தொடைப் பக்கம் வெளுத்திருக்கிறது, தையல் எங்கும் விடவில்லை. வெல்க்ரோவில் மணலும் நூலும் சேர்ந்து பிடிப்பு குறைந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் சுரண்டினால் மறுபடி பிடிக்கிறது. போன வாரம் செரினிட்டி கடற்கரைக்குக் கிளம்பும்போது தேடினேன், அலமாரியில் இல்லை. பையன் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். அவன் இடுப்பு இருபத்தெட்டு, ஷார்ட்ஸ் முப்பத்தாறு. நாடாவை இழுத்துக் கட்டியிருந்தான். நின்றது.