காலடிப்பேட்டை மாடியில் மரக்கட்டை அச்சு வகுப்பு: ஒரு மதிப்பீடு

வடசென்னையின் காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி மார்க்கெட் பக்கமாக உள்ளே நடந்தால் வரும் தெருக்களில் ஒன்றில், ஒரு பழைய வீட்டின் மொட்டைமாடியில், வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து துணியில் மரக்கட்டை அச்சுப் பதிக்கக் கற்றுக்கொள்ளும் குறுகிய கால வகுப்பு நடைபெறுகிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தெருவில் யாரிடம் கேட்டாலும் "சாயத்துணி காயுற மாடிதானே?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வழிகாட்டுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் சனி, ஞாயிறு இரு நாட்களும் காலை முதல் பிற்பகல் வரை வகுப்பு உண்டு. கட்டணம் 3,800 ரூபாய்; துணி, சாயம், கட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். ஓவியமோ கைவேலையோ தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

பெரியவர்களுக்கான கைவினை வகுப்புகள் நகரில் இப்போது பெருகிவிட்டன என்பதால், இதை எதனோடு ஒப்பிடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரின் தென்பகுதியில் ஒரு காபிக் கடையில் நடந்த மூன்று மணி நேர அச்சு வகுப்புக்கு முன்பு ஒருமுறை போயிருந்தேன். வெளுத்து இஸ்திரி போட்ட துணிப்பை, கலந்து வைத்த அக்ரிலிக் வண்ணம், துடைத்து வைத்த கட்டைகள் என அனைத்தும் மேசையில் தயாராக இருந்தன. நான்கு முறை அழுத்தினோம், படம் எடுத்துக்கொண்டோம், கிளம்பினோம். பை அழகாகவே இருந்தது என்றாலும், அதே போல் இன்னொன்றை வீட்டில் செய் என்று யாராவது கேட்டால் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரிந்திருக்காது. காலடிப்பேட்டை வகுப்பு இதற்கு நேர் எதிரான திசையில் போகிறது. படத்தில் எடுபடாத வேலைகளான வேகவைத்தல், ஊறவைத்தல், அலசுதல், காத்திருத்தல் ஆகிய எல்லாவற்றையும் அது மாணவர்களின் கையிலேயே விடுகிறது. கொடுத்த பணத்துக்கு உண்மையில் கிடைப்பது இதுதான் என்பது என் கருத்து.

முதல் நாள் காலை ஆளுக்கு இரண்டு மீட்டர் காடா துணி தரப்படுகிறது. நெசவின்போது பாவில், அதாவது நீளவாட்டு இழைகளில், ஏற்றிய கஞ்சி அதில் அப்படியே இருப்பதால், சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட தண்ணீரில் அதை வேகவைத்து அலச வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஆசிரியை கடிகாரத்தைக் காட்டுவதில்லை. துணியின் ஒரு மூலையைப் பிழிந்து காயவைத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விடச் சொல்கிறார். சொட்டு முத்துப் போல மேலேயே நின்றால் கஞ்சி இன்னும் போகவில்லை, துணி மறுபடியும் அண்டாவுக்குள் போக வேண்டும். விட்டவுடன் நூலுக்குள் இறங்கிப் பரவினால் துணி சாயத்துக்குத் தயார். எங்கள் குழுவில் பாதிப்பேரின் துணி இரண்டாம் முறையும் அண்டாவுக்குப் போனது. சலவைக்காரர் வேலையைச் செய்யவா பணம் கட்டினோம் என்று ஒருவர் முணுமுணுத்தார். மறுவாரம் சாயம் திட்டுத் திட்டாக ஏறாமல் சீராகப் பிடித்த துணிகளுள் அவருடையதும் ஒன்று.

அன்று பிற்பகல் அச்சுப் பயிற்சிக்கு, எளிதில் கைக்கு வரும் பிக்மென்ட் பசையைத்தான் தருகிறார்கள். அது காய்ந்தபின் இஸ்திரிச் சூட்டில் நிலைப்பது. மேசையின் மேல் கோணி, அதன்மேல் பழைய பருத்தித் துணிகள் என்று பல அடுக்குகள் விரித்திருக்கிறார்கள். பலகை கெட்டியாக இருந்தால் கட்டையின் நடுப்பகுதி துணியைத் தொடாமல் போய்விடும் என்பதால் அந்த மெத்தென்ற பரப்பு அவசியமாகிறது. கட்டைகள் பெரும்பாலும் குஜராத்தின் பெத்தாபூரில் தேக்கில் செதுக்கப்பட்டவை. புதுக்கட்டை தண்ணீர்ப்பசை குடித்து வெடிக்காமலும் வளையாமலும் இருக்க, முதலில் எண்ணெயில் பல நாள் ஊறவைத்துத்தான் பயன்படுத்துகிறார்கள். சாயத்தட்டில் கட்டையை லேசாக இரண்டு முறை ஒற்றி எடுத்து, துணியில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே அடி அடிக்க வேண்டும்.

இங்கேதான் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். குழந்தைகள் கோணலாக அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களோ ஒவ்வொரு அச்சுக்கும் மூச்சை அடக்கி, கட்டையை வைத்த பிறகு அரை விரற்கடை நகர்த்திச் சரிசெய்யப் பார்த்து, அந்த நகர்த்தலிலேயே ஓரத்தை இழுசி விடுகிறார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இப்படியே ஒரு வரிசை முழுவதையும் கெடுத்துக்கொண்டிருந்தபோது ஆசிரியை அவர் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, கையில இருக்கிற கட்டையைப் பாக்காதீங்க. முன்னாடி அடிச்ச அச்சோட மூலையைப் பாருங்க, கை தானா அங்க போகும்" என்றார். அடுத்த வரிசையில் இணைப்புக்கோடு கிட்டத்தட்ட மறைந்தே விட்டது. வயதில் பெரியவர்களைத் திருத்தும்போது அவர் குரலில் பள்ளிக்கூட வாடை துளியும் இல்லை என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இந்த வகை வகுப்புகள் பலவற்றில் இல்லாமல் போகும் குணம் அது.

இரண்டாம் நாளிலிருந்து இயற்கைச் சாயம் தொடங்குகிறது. வகுப்பின் உயிர்ப்பான பகுதி இதுதான். துணியைக் கடுக்காய்ப்பொடி கரைத்த நீரில் ஊறவைத்து வெயிலில் விரித்தால் வெளிர் மஞ்சளாகக் காய்கிறது. கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறினால்தான் பின்னால் வரும் எதுவும் நிற்கும். கறுப்புக்கு, துருப்பிடித்த ஆணிகளையும் இரும்புத் துண்டுகளையும் வெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்த கரைசலைப் புளியங்கொட்டைப் பசையோடு சேர்த்துத் தருகிறார்கள். அதன் நாற்றம் அடுத்த மாடி வரைக்கும் போகிறது. தட்டில் பார்த்தால் ஏதோ மங்கிய பழுப்புக் கரைசலாக இருப்பது, கடுக்காய் ஏறிய துணியைத் தொட்ட மாத்திரத்தில் கறுத்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலும் அழுத்தமாகிறது. மாடியில் அதுவரை நடந்துகொண்டிருந்த பேச்செல்லாம் அந்த நேரத்தில் நின்று, பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் கேள்வி கேட்டார்கள்.

சிவப்பு இன்னும் விசித்திரமானது. துணியில் அச்சடிப்பது சிவப்புச் சாயத்தை அல்ல, படிகாரப் பசையைத்தான். அதற்கு நிறமே இல்லாததால், அடித்த இடம் தெரிவதற்காகப் பின்னால் அலசும்போது போய்விடும் காவியைச் சிறிது கலந்துகொள்கிறார்கள். அடுத்த வாரம் மஞ்சிட்டி வேர்ப்பொடி கரைத்த அண்டாவில் முழுத்துணியையும் போட்டு, சூட்டை மெல்ல ஏற்றிக் கிளறும்போது, படிகாரம் பட்ட இடங்கள் மட்டும் சாயத்தைப் பற்றிக்கொண்டு சிவக்கின்றன. மற்ற இடங்களில் ஏறும் லேசான செம்மை அலசலிலும் வெயிலிலும் மெல்ல வெளுக்கிறது. ஒரே அண்டாவில் கொதித்த துணியில் ஒரு பூ சிவப்பாகவும் பக்கத்து இலை கறுப்பாகவும் வெளிவருவதைக் கண்ணால் பார்த்தபிறகு, இப்படி இயற்கைச் சாயமேற்றும் கலம்காரித் துணிகளின் பழைய விலைமதிப்புக்குக் காரணத்தைத் தனியாக யாரும் விளக்கத் தேவையில்லை. இரு வார இறுதிகளுக்கும் நடுவில் விடப்படும் ஐந்து நாட்களும் நம் அலுவலக வசதிக்காக விடப்பட்டவை போலத் தோன்றினாலும், படிகாரம் நூலில் இறுகிப் பிடிக்க அந்த ஓய்வு தேவைப்படுகிறது. வகுப்பின் கால அட்டவணையைத் தொழிலின் போக்கை ஒட்டி அமைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியின் போர் தண்ணீர் உப்பு. அதில் இரும்பும் இருந்துவிட்டால் சிவப்பு மங்கி மரநிறமாகிவிடும் என்பதால், சாய அண்டாவுக்கு மட்டும் மாநகரக் குழாய்த் தண்ணீரான மெட்ரோ வாட்டரை டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறார்கள். படிகாரத் துணியை ஓடும் நீரில் அலசுவது முறை, ஏனெனில் நின்ற நீரில் கழன்ற படிகாரம் வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அங்கும் சாயம் ஏறிக் கறையாகும். மாடியில் ஓடைக்கு எங்கே போவது? பெரிய தொட்டிகளில் தண்ணீரை மாற்றி மாற்றி, துணியை மடிக்காமல் அலசச் சொல்கிறார்கள். சென்னையின் வடக்கே சலவைத் தொழிலாளர்கள் குடியேறி வண்ணாரப்பேட்டை உருவானதும், 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக இந்தக் காலடிப்பேட்டையை அமைத்ததும் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வியாபாரத்துக்காகத்தான் என்பதை, துணியை அலசிக்கொண்டே ஆசிரியை சொன்னார். இந்தியாவிலிருந்து போன அச்சுத்துணிகளுக்கு எதிராக இங்கிலாந்து நாடாளுமன்றம் 1700-இலும் 1721-இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டார். வகுப்பை அலங்கரிக்கும் வரலாற்று உரை போல அது ஒலிக்கவில்லை. கை தண்ணீருக்குள் இருந்ததால் இருக்கலாம்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதுமானது, எழுதிய குறிப்பு எதுவும் தருவதில்லை என்பது. ஒரு மீட்டர் துணிக்குக் கடுக்காய் எவ்வளவு, படிகாரம் எவ்வளவு, பசை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வாயால்தான் சொல்கிறார்கள். கையில் ஈரமும் சாயமும் இருக்கும்போது யார் நோட்டில் எழுதுவது? ஒரே ஒரு தாளில் அளவுகளை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். கேட்டபோது, "செஞ்சு பாத்தா மனசுல நிக்கும்" என்று பதில் வந்தது. ஆண்டு முழுவதும் இதையே செய்பவருக்கு நிற்கும். மாதம் ஒருமுறை செய்யப்போகிறவர்களுக்கு நிற்காது.

அடுத்தது கூட்டம். பதினான்கு பேருக்கு இரண்டு மேசைகளும் ஒரே சாய அண்டாவும் போதவில்லை. சிவப்பு ஏறும் முக்கியமான கட்டத்தில் பின்வரிசையில் நின்றவர்களுக்கு நீராவியும் முன்னால் நிற்பவர்களின் முதுகுகளும்தான் தெரிந்தன. விளம்பரத்தில் சொல்லியிருந்த 'கட்டை செதுக்குதல்', ஆசிரியையின் உறவினர் ஒருவர் அரைமணி நேரம் செதுக்கிக் காட்டியதோடு முடிந்துவிட்டது. உளியை எங்கள் கையில் தரவில்லை. பாதுகாப்பைக் கருதித்தான் தரவில்லை என்றால், விளம்பரத்தில் 'செய்முறை விளக்கம்' என்று மட்டும் போட்டிருக்க வேண்டும். சிமென்ட் ஷீட் போட்ட பகுதியில் நண்பகலுக்கு மேல் சூடு இறங்குகிறது. மாடிப்படி செங்குத்தானது, ஒரு பக்கம் கைப்பிடியும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. தாமதமாக வருபவர்களுக்காக முதல் நாள் வகுப்பை நிறுத்தி வைத்திருந்ததில், சரியான நேரத்துக்கு வந்தவர்களுக்கு வருத்தம்.

கட்டணம் நியாயமானதா என்றால், நியாயமானது. ஒரு சால்வை, ஒரு கைக்குட்டைத் தொகுதி, பயிற்சித் துண்டு ஆகியவை நம் கையோடு வந்துவிடுகின்றன. அதற்கு மேல், தொடர்ந்து செய்ய விரும்புகிறவர்களுக்கு வடசென்னையில் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. காடா துணி எம்.சி. ரோட்டுக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கடுக்காய், மஞ்சிட்டி, படிகாரம் மூன்றையும் பாரிமுனை ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிவிடலாம். துருப்பிடித்த இரும்புக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. விலை கூடியது கட்டைதான். அதற்காகவே இங்கு பயின்றவர்களுக்குச் சிறு வாடகைக்குக் கட்டைகளை ஒரு வாரம் வரை கொடுத்து அனுப்புகிறார்கள். வகுப்பு முடிந்தபின்னும் கற்றவர்கள் தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற அக்கறை உள்ள இடத்தில்தான் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கும்.

ஒரே பிற்பகலில் முடித்துவிட்டு ஒரு பரிசுப்பொருளோடு வீடு திரும்ப விரும்புகிறவர்களுக்கு இந்த வகுப்பு பொருந்தாது. அவர்கள் முதல் அண்டாவிலேயே சலித்துவிடுவார்கள். தையல் வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கணினியின் முன் நாளெல்லாம் உட்கார்ந்து கையால் ஏதாவது செய்ய ஏங்குபவர்கள் ஆகியோர் தாராளமாகச் சேரலாம். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு வார நாட்களில் ஒரு பிரிவு இல்லாதது இழப்புதான். கேட்கிறவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் தொடங்குவதாகச் சொல்கிறார்கள்.

சேர நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். மழை பிடித்தால் கடுக்காய் ஏறிய துணி காயாமல் பூசணம் பூக்கிறது. வெயிலில் வெளுக்கும் கட்டத்தையும் விட்டுவிட்டு, பிக்மென்ட் பசையைக் கொண்டே மீதி நாட்களை ஒப்பேற்ற வேண்டியதாகிவிடும். தை பிறந்தபின் வரும் பிரிவுகள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால், மார்கழியிலேயே முன்பணம் 500 ரூபாய் கட்டிப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பழைய உடையோடு, நோட்டு எழுத உதவியாக உடன் ஒருவரையும் அழைத்துப் போனால் நல்லது. பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை.