அரிக்கன் லாம்பும் அதன் புகைக்கரியும்

கார்த்திகை பிறந்தால் மின்சாரத்தை முழுதாக நம்பக்கூடாது என்பதை, 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பழைய லாம்பு துருப்பிடித்துப் போனதால், நகரிலுள்ள ஹாட்வெயார் ஒன்றில் பச்சை நிற அரிக்கன் லாம்பு ஒன்றை வாங்கி, ஒரு மாதமாக எரித்துப் பார்த்தேன். உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் என்பதால், எந்த லாம்பையும் அதன் சிமினியில் படியும் புகைக்கரியைக் கொண்டு மதிப்பிடுவதே என் வழக்கம்.

தகரம் சற்று மெல்லியது. ஆனால் எண்ணெய்த் தாங்கி கசியவில்லை, கைபிடியும் உறுதியானது. காற்றிலும் சுடர் அணையவில்லை.

இனி கரிக்கு வருகிறேன். திரியிலிருந்து ஆவியாகும் மண்ணெண்ணெய், ஒட்சிசன் எட்டாத சுடரின் உட்பகுதியில் சூட்டினால் உடைந்து, வளையக் கட்டமைப்புள்ள ஐதரோகாபன்களாகத் திரண்டு, பின் நனோமீற்றர் கணக்கிலான காபன் மணிகளாகிச் சரம்சரமாக ஒட்டிக்கொள்கிறது. நாம் வெளிச்சம் என்று சொல்லும் மஞ்சள் நிறம், அந்த மணிகள் சூடேறி ஒளிர்வதே ஆகும். கரியே உண்டாகாத லாம்பு நீலமாக எரியுமே தவிர, அதன் அருகில் இருந்து ஒரு பக்கமும் வாசிக்க முடியாது. ஆகவே கரி உண்டாவதைக் குறை சொல்ல முடியாது. சுடரின் நுனியைத் தாண்டுவதற்குள் அது எரிந்து தீர்கிறதா என்பதுதான் கேள்வி.

இதனை அளக்க எரிபொருள் ஆய்வுகூடங்களில் ஒரு முறை உண்டு. மில்லிமீற்றர் அளவுகோல் பொருத்திய திரிவிளக்கில் எண்ணெயை எரித்து, புகையாமல் எரியக்கூடிய மிகக் கூடிய சுடர் உயரத்தைக் குறிப்பார்கள்; அதற்குப் புகைப்புள்ளி என்று பெயர். நான் சிமினியின் வெளிப்புறத்தில் அடிமட்டத் துண்டு ஒன்றைக் கட்டி, திரியைச் சிறிது சிறிதாக உயர்த்தினேன். சுடர் 37 மில்லிமீற்றரை அடைந்தபோது நுனியில் கறுப்பு வால் ஒன்று தோன்றியது. திரியும் சிமினியும் வேறானவை என்பதால் இதனை ஆய்வுகூட எண்ணோடு ஒப்பிட முடியாது. வீட்டுத் தேவைக்கு இந்த உயரம் தாராளமாகப் போதும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. திரியை ஏற்றி இறக்கும் பற்சக்கரம் தளர்வானது. 25 மில்லிமீற்றரில் வைத்துவிட்டுப் படுத்தால், விடியும்போது சுடர் எல்லையைக் கடந்து சிமினியின் மேற்பாதி கறுத்திருந்தது. இரண்டு முறை இப்படி நடந்தது. கடைக்காரர் மாற்றித்தர மறுத்து, "திரிய நேரா வெட்டுங்க சேர்" என்றார். வெட்டினேன், சுடரின் வடிவம் அழகானது, சக்கரம் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த லாம்பு ஈர்ப்பினால் இயங்கும் ஒரு பொறி என்று மாணவர்களுக்குச் சொல்வேன். சூடான வாயு பாரம் குறைந்து மேலெழ, கீழிருந்தும் பக்கக் குழாய்களினூடாகவும் புதிய காற்று வருகிறது. மேற்காவுகை எனப்படும் இந்த மேலெழும் ஓட்டம் இல்லையென்றால் சிமினியால் பயனில்லை. ஈர்ப்பு உணரப்படாத விண்வெளியில் இந்த ஓட்டம் இல்லை; அங்கே 1992இல் விண்ணோடத்திலும் 1996இல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்திலும் எரித்த மெழுகுதிரிகளின் மஞ்சள் தொடக்கத்திலேயே மறைந்து, சுடர் நீல அரைக்கோளமானது. ஒட்சிசன் பரவல் மூலம் மட்டுமே வந்ததால், சுடர் குளிர்ந்து கரி உண்டாகவில்லை. இதைக் கேட்டவுடன் விண்வெளியில் சுடர் புகையாது என்று முடிவுகட்டும் மாணவர்களே அதிகம். 1997இலும் 2003இலும் விண்ணோடங்களில் எதிலீன், புரொப்பேன் வாயுக்களைக் குழாயினூடாகச் செலுத்தி எரித்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. மேலே இழுத்துச் செல்லும் ஓட்டம் இல்லாமையால் கரிமணிகள் சூடான பகுதியில் நெடுநேரம் தங்கி வளர்ந்தன. நுனிப்பகுதியோ கதிர்வீச்சினால் வெப்பத்தை இழந்து, அவற்றை எரித்து முடிக்க இயலாமல் விட்டது. அதனால் பூமியில் புகையாத உயரத்திலேயே அங்கு சுடர் புகைந்தது. 2009இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் புகைப்புள்ளியையே தனியாக அளந்தார்கள். மெழுகுதிரிக்கு எரிபொருளைத் தருவது சுடரின் சூடு, குழாய்க்குத் தருவது வெளியிலிருந்து வரும் அழுத்தம் என்ற வேறுபாட்டை மாணவர்கள் பிடித்துக்கொண்டால், மீதியைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயல் வாடிகளில் யானைக் காவலுக்கு விழித்திருப்பவர்களுக்கு இந்த லாம்பை நான் தயங்காமல் சொல்வேன், அவர்களின் கை அடிக்கடி திரிக்குப் போகும். ஏற்றி வைத்துவிட்டு உறங்குகிறவர்கள் கடையிலேயே பற்சக்கரத்தை நாலு முறை திருப்பி, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நான் என் லாம்பின் சக்கரத் தண்டில் நூல் சுற்றி இறுக்கியிருக்கிறேன். கடந்த ஆறு இரவுகளாகச் சிமினி கறுக்கவில்லை.