ஈர்க்குச்சிக் கட்டா, ஆணிமணிச்சட்டமா?

ஒன்று துடைப்பக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டியது. மற்றது ஒன்று, பத்து, நூறு என்று ஆளுக்கொரு ஆணி நிற்க, அதில் மணி கோக்கும் சட்டம். இரண்டாம் வகுப்பில் இடமதிப்பு (இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு) நடத்த இந்த இரண்டுமே போதும். எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி. என் ஓட்டு குச்சிக்கு.

34 என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. சந்தேகப்படும் பிள்ளை கட்டைப் பிரித்துப் பத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணத்தான் செய்வார்கள். அதிலிருந்து 18-ஐ எடுக்கச் சொல்லுங்கள். உதிரி நான்கில் எட்டை எடுக்க முடியாமல் கொஞ்சம் முழிப்பார்கள். பிறகு யாராவது ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுவார்கள். கையில் இப்போது 14 உதிரி. எட்டு போக ஆறு, பக்கத்தில் ஒரு கட்டு: 16. இதைத்தான் நாம் ‘கடன் வாங்குதல்’ என்கிறோம். (திருப்பித் தராத கடன்!)

மணிச்சட்டத்தில் பத்துகளின் மணியும் ஒன்றுகளின் மணியும் ஒரே அளவு. அதனால் 34-ஐப் பார்த்து “ஏழு மணி டீச்சர்” என்று சொல்லும் பிள்ளையைத் திட்ட முடியாது. அதன் கண்ணுக்கு ஏழுதான்.

ஆனால் மூன்றிலக்க எண் வந்ததும் குச்சி தோற்றுவிடும். 305 குச்சிக்கு எத்தனை துடைப்பத்தை உருவுவது? மணிச்சட்டத்தில் எட்டே மணி. நடுவில் காலியாக நிற்கும் ஆணி பூச்சியத்தைக் கண்ணில் காட்டிவிடும். குச்சிக் குவியலில் பூச்சியத்துக்கு இடமே இல்லை.

செலவு? குச்சிக்கு ஒன்றுமில்லை. ரப்பர் பேண்டை மட்டும் வாரம் ஒருமுறை வாங்க வேண்டும். அதில் பாதி, பெண் பிள்ளைகளின் சடைக்குப் போய்விடும்.