கையில் வாங்கிப் பார்த்த மூளை

ஓசூரில் பிளஸ் ஒன்னுக்கு விலங்கியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் மூளை உண்டு. ரோஸ் கலர். சிறுமூளை கழன்று கழன்று விழும், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம். மாற்றித் தருகிறேன் என்ற கடைக்காரர் இரண்டு வருஷமாகப் போனே எடுப்பதில்லை. அதைக் காட்டிக் காட்டி அலுத்துப்போய், பதினெட்டுப் பிள்ளைகளோடு பெங்களூருவில் மனநலம், நரம்பு நோய்களுக்கான மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மூளை அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

அங்கே 1995இல் தொடங்கிய மூளை வங்கி இருக்கிறது. குடும்பத்தார் சம்மதித்துக் கொடுத்த மூளைகள். கையுறை மாட்டி ஒன்றைக் கையிலேயே கொடுத்தார்கள். அரை லிட்டர் பால் பாக்கெட் மூன்றைவிடக் கொஞ்சம் கனம் குறைவு. "மிஸ், இது ரோஸாவே இல்லையே!" உறுப்புகள் கெடாமல் போட்டு வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறினால் நிறம் போய்விடும், தயிர்போலக் குழைகிற மூளை பனீர்போல இறுகிவிடும். பாடம் செய்த உறுப்புகளில் எனக்குள்ள ஒரே குறை இதுதான், வீக்கத்தின் சிவப்பைக் காட்ட முடியாது.

நாடாப்புழுக் கட்டிகள் இருந்த மூளைத் துண்டுதான் எல்லோரையும் நிறுத்திவிட்டது. பட்டாணி பட்டாணியாகக் குழிகள். "நாங்க சைவம், எங்களுக்கு வராது" என்றாள் ஒருத்தி. பன்றிக்கறி சரியாக வேகாவிட்டால் புழு குடலோடு நிற்கும். மூளைக்குப் போவது அதன் முட்டையால். புழு உள்ளவர் மலத்திலிருந்து தண்ணீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக யார் வாயிலும் போகலாம். வலிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். இதை வகுப்பில் பத்து தடவை சொல்லியிருப்பேன், ஒருத்தர் காதிலும் ஏறியதில்லை.

அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவரின் மூளை சுருங்கி, மடிப்புகளுக்கு நடுவே பள்ளம் விழுந்து கிடந்தது. மாமியார் ஒரே கேள்வியை நாலாம் தடவை கேட்டபோது அன்று காலையில்தான் எரிந்து விழுந்திருந்தேன். பிள்ளைகள் நகர்ந்த பிறகும் அங்கேயே நின்றேன்.

கூட்டமாகப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும், பயந்த பிள்ளையைப் பின்னால் நிற்க விடுங்கள்.

இரவு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மசால்பூரி வாங்கினோம். அந்தச் சைவக்காரி தட்டை வாங்காமல் கேட்டாள்: "அண்ணா, கொத்தமல்லிய கழுவுனீங்களா?"