பாஸ் ஆன எம்.ஓ.டி. தாளை மட்டும் பார்த்துப் பழைய கார் வாங்காதீர்கள்

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து முதல் கார் தேடிக்கொண்டிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்.ஓ.டி. என்பது பழைய வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று இங்கே வருஷா வருஷம் நடக்கும் கட்டாயச் சோதனை. போன நவம்பரில் 1,850 பவுண்ட் கொடுத்து, 2010-இல் பதிவான சின்ன ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினேன். ஜனவரி முடிவதற்குள் அது பழைய இரும்புக்குப் போய்விட்டது. வாங்குவதற்கு முன்பே, ஒரு காசு செலவில்லாமல், போனிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயத்தை நான் பார்க்கவில்லை.

மனைவி மருத்துவமனையில் நர்ஸ். காலை ஏழரைக்கு டூட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கு முதல் பஸ் வருவதே ஏழு மணிக்குத்தான். அந்த அவசரத்தில் இருந்தபோது தமிழ் வாட்ஸ்அப் குழு ஒன்றில் விளம்பரம் வந்தது. விற்றவரும் தமிழர். வீட்டுக்குக் கூப்பிடவில்லை, ஒரு சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்குக்கு வரச் சொன்னார். “அண்ணா, போன வாரம்தான் எம்.ஓ.டி. பாஸ் ஆச்சு. ஒரு வருஷத்துக்கு நீங்க கவலையே பட வேண்டாம். நம்மாளுக்குப் போய் தப்பான வண்டி குடுப்பனா?” என்று தாளை நீட்டினார். லாக்புக்கில் (நம் ஊர் ஆர்.சி. மாதிரி வண்டியின் பதிவுப் பத்திரம்) வேறு பெயர் இருந்தது. “மச்சானோட வண்டி” என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

நம் ஊரில் பழைய கார் பார்க்கும்போது எஞ்சின் சத்தம், ஏசி, டயர், பெயிண்ட் இவற்றைத்தான் பார்ப்போம். நானும் அதையே பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வருஷக்கணக்காக அடிப்பாகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். பதினான்கு வருஷ வண்டியில் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஜனவரியில் பின்பக்கம் கிறீச்சென்று ஒரு சத்தம். பக்கத்து கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் வயதானவர். வண்டியை ராம்ப்பில் தூக்கி, டார்ச் அடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். அப்புறம் என்னைக் கீழே கூப்பிட்டார். கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் பகுதி முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு பளபளவென்று இருந்தது. ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது செம்பழுப்புத் தூளும், ஓட்டையை அடைக்கத் திணித்திருந்த பசை மாதிரி ஒன்றும் கொட்டின. வெல்டிங்குக்கு மட்டும் 1,400 பவுண்ட் ஆகும் என்றார்.

பிறகு தன் போனை எடுத்து அரசாங்கத்தின் எம்.ஓ.டி. வரலாற்றுப் பக்கத்தில் என் நம்பர் பிளேட்டை மட்டும் அடித்தார். இலவசம்தான், யார் வேண்டுமானாலும் எந்த வண்டிக்கும் பார்க்கலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வண்டிகளுக்கு 2005 முதல் நடந்த சோதனைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. எந்த வருஷம் பாஸ், எதனால் ஃபெயில், அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல், ‘அட்வைசரி’ என்று, அதாவது ஃபெயில் ஆக்காமல் கவனிக்கச் சொல்லும் குறைகளாக, என்னென்ன எழுதினார்கள் என்பதெல்லாம்.

நாங்கள் கீழிருந்து மேலே படித்தோம். 2018-இல் 91,306 மைல். 2019-இல் 54,118 மைல்! நான் வாங்கியபோது மீட்டர் காட்டியது 78,640. உண்மையில் அந்த வண்டி 1,15,000 மைலைத் தாண்டி ஓடியிருந்தது. விற்றவர் காட்டிய தாளில் ஏன் இது தெரியவில்லை என்றால், தாளில் முந்தைய மூன்று சோதனைகளின் மைல் கணக்கு மட்டும்தான் வரும். அந்த மூன்றும் ஒழுங்காக ஏறிக்கொண்டே போயின.

மைலை விட அதிகம் சொன்னது அட்வைசரிதான். 2022, 2023 இரண்டு வருஷமும் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறது என்று ஒரு வரி. 2024-இல் அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாக, “பிரேக் பைப் துருப்பிடித்துள்ளது, கிரீஸ் அல்லது வேறு பொருளால் மூடப்பட்டுள்ளது” என்று புதிதாக ஒன்று. துரு தானாக ஆறாது. நடுவில் ஃபெயில் ஆகி வெல்டிங் செய்ததற்கான பதிவும் இல்லை. மூடி மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சோதனை செய்பவர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை, பூச்சைச் சுரண்டி எடுப்பதும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவார். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பதும் அந்தச் சோதனையில் சேராது.

அதனால் தயவுசெய்து, வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னாலேயே நம்பரை வாங்கி முழு வரலாற்றையும் படியுங்கள். நம்பர் தரத் தயங்கினால் போகவே வேண்டாம். ஒரே குறை வருஷா வருஷம் திரும்பி வந்தால் யாரும் அதைச் சரிசெய்யவில்லை என்று அர்த்தம். திடீரென்று காணாமல் போனால் அதற்கான பில்லைக் கேளுங்கள். நடுவில் ஒரு வருஷம் சோதனையே இல்லையென்றால் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். லாக்புக்கில் இருக்கும் 11 இலக்க எண்ணையும் சேர்த்துப் போட்டால் எந்த இடத்தில் சோதனை நடந்தது என்பதும் தெரியும். விபத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிட்ட வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் இதில் வராது. அதற்குப் பணம் கட்டித் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. போன் செய்யும்போது எந்தக் கார் என்று சொல்லாமல், “உங்க கார் விளம்பரம் பார்த்தேன்” என்று மட்டும் சொல்லுங்கள். “எந்தக் கார்?” என்று கேட்டால் அவர் பெரும்பாலும் சொந்த வண்டியை விற்பவர் அல்ல, வியாபாரி. இது முக்கியம். வியாபாரியிடம் வாங்கிய வண்டியில் குறை இருந்தால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. அதனால்தான் பல வியாபாரிகள் தனி ஆள் மாதிரி வேஷம் போடுகிறார்கள். எனக்கு விற்றவரின் அதே நம்பரில் வேறு மூன்று கார்கள் விற்பனைக்கு இருந்ததை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் எல்லாவற்றையும் சொன்னேன். வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மூன்று விளம்பரங்களின் ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அதே ஆளிடம் வாங்கியவர்கள் இந்தக் குழுவில் யாராவது இருந்தால், உங்கள் வண்டி நம்பரை இன்றைக்கே போட்டுப் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். புகாரில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால்கூட எங்களுக்குப் பெரிய உதவி.