காசு கொடுத்து நாய்க்குப் பயம் வாங்கிய கதை

அமெரிக்காவின் மினசோட்டாவில் வேட்டைக்கென்று நாய்க்குட்டி வாங்கி, இரண்டு மாதம் பயிற்சியாளரிடம் விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் எனக்கு நடந்ததைக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் மணி ஒரு ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாய்ன்டர். (ரேஞ்சர், ஹன்டர் என்று கூப்பிடுகிற ஊரில் நாய்க்கு மணி என்று பெயர் வைத்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.) நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். இங்கே பாதுகாப்புப் பயிற்சி முடித்து லைசென்ஸ் எடுத்தால் சீசனில் ஃபெசன்ட் (நீண்ட வாலுள்ள கோழி மாதிரிப் பறவை) வேட்டைக்குப் போகலாம். அலுவலக நண்பர் ஒருநாள் கூட்டிப்போனார், அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துக்கொண்டது. மணி நாலு மாதத்திலேயே கொல்லையில் புறாவைக் கண்டால் முன்னங்காலைத் தூக்கியபடி சிலை மாதிரி நிற்பான். இதைத்தான் பாய்ன்ட் என்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த இனத்துக்கே உள்ள குணம்.

ஆறு மாதமானதும் ஒரு பயிற்சியாளரிடம் விட்டேன். எட்டு வாரத்தில் பறவைக்கும் துப்பாக்கிக்கும் பழக்கித் தருவதாகப் பேச்சு. மாதம் 850 டாலர், இரண்டு மாதமும் முன்பணம். நான் அவர் இடத்தை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பறவைக்குப் பழக்கப் புறா வேண்டுமே, அதன் கூண்டு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. வாரம் ஒரு வீடியோ அனுப்புவேன் என்றார், வந்தது மொத்தம் இரண்டு. இரண்டிலும் மணி கயிற்றில் நடக்கிறான். பறவை மருந்துக்கும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் கூட்டிவரப் போனால், 48 பவுண்டு இருந்தவன் 41-க்கு இறங்கியிருக்கிறான், விலா எலும்பை எண்ணலாம். “வேலை செய்கிற நாய் மெலியத்தான் செய்யும். துப்பாக்கிக்குப் பழகிவிட்டான், ரெடி” என்றார். சரி என்று நம்பினேன். வீட்டருகே ஒரு வெற்றுத் தோட்டாவாவது (குண்டில்லாமல் சத்தம் மட்டும் வருவது) போட்டுப் பார்த்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அக்டோபர் நடுவில் சீசன் தொடங்கியது. மாநிலத்தின் மேற்கே, மக்காச்சோளம் அறுத்த வயலை ஒட்டிச் சம்புக் கோரை மண்டிக் கிடக்கும் சதுப்பு. மணி மோப்பம் பிடித்து அழகாகப் பாய்ன்ட் நின்றான். சேவல் கத்திக்கொண்டு எழும்பியது. (சேவலைத்தான் சுடலாம், பெட்டையைச் சுடக்கூடாது.) நண்பர் ஒரே ஒரு முறை சுட்டார். பறவை விழுந்தது, மணியைக் காணோம். கால் மைல் தள்ளி டிரக்குக்கு அடியில், வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு நடுங்கியபடி கிடந்தான். தீபாவளியன்று கட்டிலுக்கடியில் ஒளிகிற நாயைப் பார்த்திருப்பீர்களே, அதே கோலம். தீபாவளியாவது மறுநாள் முடிந்துவிடும். இவன் அதற்கப்புறம் நான் துப்பாக்கிப் பையின் ஜிப்பைத் திறந்தாலே அடுத்த அறைக்குப் போனான். அதைவிடக் கொடுமை, பறவை வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் வந்து நின்றான். பறவை இருந்தால் வெடி வரும் என்று கணக்குப் போட்டுவிட்டான்.

பயிற்சியாளரிடம் கூண்டு கழுவும் பையன் ஒருவன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுட்டுப் பழகும் மைதானத்துக்குப் பக்கத்தில் குட்டிகளை வரிசையாகச் சங்கிலியில் கட்டிவிட்டு, மத்தியானம் முழுக்க 12 கேஜ் என்கிற பெரிய குழல் துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்கவிடுவார்களாம். கேட்டுக் கேட்டுப் பழகிவிடுமாம். புறா வளர்த்தால் தீனிச் செலவு, மெனக்கெட ஆள் வேண்டும். மைதானத்துச் சத்தம் ஓசி.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. முதலில் பறவை மட்டும்தான். சிறகு கத்தரித்த புறாவையோ காடையையோ விட்டு, துரத்தும்போது குட்டிக்கு உலகமே மறந்துபோகிற அளவுக்குப் பித்து ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் சத்தம். அதுவும் அது துரத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும், நூறு கஜம் தள்ளி நிற்கும் ஒருவர் சின்ன ஸ்டார்ட்டர் பிஸ்டலில் (ஓட்டப்பந்தயம் தொடங்க வெடிப்பார்களே, அது) ஒரு வெற்றுத் தோட்டா வெடிக்க வேண்டும். குட்டி கண்டுகொள்ளாமல் ஓடினால் அடுத்த முறை கொஞ்சம் கிட்டே வரலாம். நின்று திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி தூரம் போக வேண்டும். பிஸ்டலுக்கு அப்புறம் குழல் சின்னதான 20 கேஜ், கடைசியில்தான் 12. இதையெல்லாம் குட்டி தனியாக இருக்கும்போது செய்ய வேண்டும், கூட்டத்தோடு கட்டிவைத்து அல்ல. நாய் விடும் முன் “புறாக் கூண்டைக் காட்டுங்கள், முதல் வெடியை எப்போது, எவ்வளவு தூரத்தில் வெடிப்பீர்கள்” என்று கேளுங்கள். அந்த நாளில் நானும் வந்து நிற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மழுப்பினால் நாயை வண்டியிலிருந்தே இறக்காதீர்கள்.

பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “பிறவிக் கோழை, குட்டி விற்றவரைப் போய்க் கேளுங்கள்” என்றார். இன்னொரு மாதம் விட்டால் சரிசெய்து தருவாராம், அதற்கும் 850. பணம் திரும்ப வராது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் “பலன் நாயைப் பொறுத்தது” என்று இருக்கிறது. குட்டி விற்றவரையும் கேட்டுவிட்டேன். மணியோடு பிறந்த மூன்று நாய்கள் வேட்டைக்குப் போகின்றன, ஒன்றுக்கும் இந்தப் பயம் இல்லை.

குளிர்காலம் முழுக்கத் துப்பாக்கியை மணியின் கண்ணில் காட்டவில்லை. பண்ணைக்காரர் ஒருவரிடம் புறா வாங்கிவந்து பனியில் விட்டேன். மார்ச்சில்தான் மறுபடி துரத்தினான். ஜூனில் நூறு கஜத்தில் முதல் வெடி, இப்போது அறுபதில் நிற்கிறோம். இந்த அக்டோபரில் அவனைக் கூட்டிப்போகப் போவதில்லை.

அந்தப் பயிற்சியாளரின் விளம்பரத்தில் மணி பாய்ன்ட் நிற்கிற படம் இருக்கிறது. அவனை விடும்போது, நாலு மாதத்தில் எங்கள் கொல்லையில் எடுத்தது என்று சொல்லி நான் அனுப்பிய படம் அது. அதை நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன்.