டர்டிலா, கமாசுவா? பத்து வருஷம் கழித்து யார் மெஷின் மாற்றுவார்?

கையைக் கடிக்காத விலையில் ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச் தேடுகிறவர்கள் ஒரு கட்டத்தில் இரண்டு மாடல்களுக்கு நடுவே வந்து நிற்பார்கள்: சீகோவின் டர்டில், ஓரியன்ட்டின் கமாசு. நான் டர்டிலை எடுத்தேன். கமாசு என் மைத்துனர் கையில் இருக்கிறது. அவ்வப்போது வாங்கிக் கட்டிப் பார்ப்பேன், அவரும் என்னுடையதைக் கட்டிப் பார்ப்பார். ஆகவே இது நடுவர் தீர்ப்பு அல்ல. ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட ஆளின் அலசலாகவே படியுங்கள்.

ஒற்றுமைகளை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் 200 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று எழுதியவை. இரண்டிலும் திருகி மூடும் கிரவுன் (நேரம் வைக்கும் பக்கவாட்டுத் திருகு), ஒரு திசையில் மட்டும் சுழலும் பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வெளி வளையம்), கிழமை, தேதி, 22 மில்லிமீட்டர் பட்டை. கையசைவில் தானாக ஓடும், வேண்டுமானால் சாவியும் கொடுக்கலாம். கிரவுனை இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும் என்பதால் நேரத்தை விநாடி சுத்தமாக வைக்கலாம். கழற்றி வைத்தால் 40 மணி நேரத்துக்குப் பக்கமாக ஓடும். சனிக்கிழமை காலையில் கழற்றினால் திங்கட்கிழமை காலையில் நின்றிருக்கும், இரண்டுமே. அழகைப் பற்றி நான் சொல்லி நீங்கள் கேட்கப் போவதில்லை, விட்டுவிடுகிறேன்.

வாங்குகிற நாளில் கமாசுதான் ஜெயிக்கும். முதல் காரணம் கண்ணாடி. கமாசுவில் சபையர் என்கிற செயற்கை நீலக்கல் கண்ணாடி, டர்டிலில் சீகோவின் ஹார்ட்லெக்ஸ் என்கிற கடினமாக்கிய கனிமக் கண்ணாடி. சுவரில் உரசினாலும் சாவிக்கொத்தோடு கிடந்தாலும் சபையரில் சாதாரணமாகக் கீறல் விழாது. ஹார்ட்லெக்ஸில் விழும். என்னுடையதில் 2 மணிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது, வெளிச்சம் சாய்வாகப் பட்டால் தெரியும். ஹார்ட்லெக்ஸ் ஆதரவாளர்கள் ‘சபையர் கீறாது, ஆனால் உடையும்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் நம்மில் பலர் கடிகாரத்தைக் கீழே போடுவதைவிட எதிலாவது உரசுவதுதான் அதிகம்.

இரண்டாவது, நேரத் துல்லியம். கமாசுவின் எஃப்6922 மெஷினுக்கு நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 25 விநாடி வேகம் முதல் 15 விநாடி தாமதம் வரை. டர்டிலின் 4ஆர்36 மெஷினுக்கு 45 விநாடி வேகம் முதல் 35 விநாடி தாமதம் வரை. தாளில் பார்த்தால் டர்டில் பரிதாபம். நிஜத்தில் இரண்டும் இதைவிட நன்றாகத்தான் ஓடுகின்றன. ரிப்பேர்காரர் பேலன்ஸ் வீல் (ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் ஊசலாடும் சக்கரம்) பக்கத்திலுள்ள சிறு நெம்புகோலை ஒரு மயிரிழை நகர்த்தினால் இன்னும் நெருங்கி வரும். பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமே மாதத்துக்கு 15 விநாடி வித்தியாசத்துக்குள் ஓடும்போது, துல்லியம்தான் முக்கியம் என்பவர் ஆட்டோமேட்டிக் பக்கமே வரவேண்டாம்.

மூன்றாவது, அளவு. கமாசு 41.8 மில்லிமீட்டர், டர்டில் கிட்டத்தட்ட 45. எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். டர்டிலின் உடம்பு ஆமை ஓடு மாதிரி விளிம்பில் வளைந்து இறங்குவதால் பட்டை மாட்டும் கொம்புகள் வெளியே நீளவில்லை. மேலிருந்து கீழ் அளந்தால் 48 மில்லிமீட்டருக்குள்தான். சுமாரான மணிக்கட்டிலும் அடங்கும். ஆனாலும் முழுக்கைச் சட்டைக்குள் நுழைவதில் கமாசுவே கெட்டிக்காரன். கனமான கடிகாரமே பிடிக்காது என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், கமாசு வாங்குங்கள்.

டர்டில் பக்கம் சொல்ல வேண்டியதில் முதலாவது டைவ் வாட்ச்சுகளுக்கான சர்வதேசத் தரவிதி, ஐஎஸ்ஓ 6425. டர்டிலின் டயலில் ‘டைவர்ஸ் 200 மீ.’ என்று இருக்கும், கமாசுவில் ‘வாட்டர் ரெசிஸ்ட் 200 மீ.’ மட்டும். முன்னதை எழுத வேண்டுமானால் அந்தத் தரவிதியின் சோதனைகளில் தேற வேண்டும். சொன்ன ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தம் தாங்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் நேரம் தெரிய வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் இருட்டிலேயே தெரிய வேண்டும். விநாடி முள்ளில் ஒரு ஒளிப்பொட்டு இருப்பது இதற்காகத்தான். இதில் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர் விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைக்கும்போது கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால், உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் நமக்குத் தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். நான் ஸ்கூபா போனதில்லை, நீச்சலோடு சரி. கமாசு நீச்சல் குளத்திலும் கடலிலும் எந்தக் குறையும் வைக்கவில்லை என்று மைத்துனர் சொல்கிறார், நம்புகிறேன். ஆகவே இந்த விஷயத்தில் டர்டிலுக்கு அரை மதிப்பெண் மட்டும். இருட்டில் ஒளிர்வதற்கு முழு மதிப்பெண் தரலாம். ராத்திரி விளக்கை அணைத்ததும் இரண்டும் பளிச்சென்று இருக்கும், விடியற்காலை கண் விழிக்கும்போது டர்டிலில்தான் எளிதாக மணி படிக்க முடியும்.

இதுவரை கணக்கு கமாசு பக்கம் என்றுதான் படும். நான் மறுபக்கம் போனதற்குக் காரணம் பராமரிப்பு, அதிலும் குறிப்பாக மெஷின்.

ஆட்டோமேட்டிக் கடிகாரத்துக்குப் பேட்டரிச் செலவு இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் உள்ளே எண்ணெய் இருக்கிறது. வருஷங்கள் போகப்போக அது வறளும், கெட்டியாகும், இடம் விட்டு நகரும். சக்கர அச்சுகள் வறட்சியில் தேயத் தொடங்கும். அடையாளம் சுலபம்: முழுநாளும் கட்டியிருந்தும் ராத்திரியில் நின்றுபோகும், அல்லது தினமும் தாமதமாகிக்கொண்டே வரும். முறையான வைத்தியம் முழு சர்வீஸ். மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, கழுவி, எண்ணெய் வைத்து, மறுபடி பூட்டி, ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இங்கேதான் மலிவு விலைக் கடிகாரத்துக்குச் சிக்கல். அந்த வேலைக்கு ஆகும் நேரம் விலை உயர்ந்த கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். கூலியும் அப்படித்தான். ஆகவே நல்ல கையால் முழு சர்வீஸ் செய்தால் ஆகும் செலவு, கடிகாரத்தின் விலைக்கே பக்கத்தில் போய் நிற்கும். அனுபவமுள்ள ரிப்பேர்காரர் நேர்மையாக ஒன்று சொல்வார்: ‘சர்வீஸ் வேண்டாம், மெஷினையே மாற்றிவிடலாம்.’

டர்டிலுக்கு அதைச் செய்ய முடியும், அதுவும் சிரமமே இல்லாமல். 4ஆர்36 மெஷினைச் சீகோ குழுமம் என்ஹெச்36 என்ற பெயரில் மற்ற கம்பெனிகளுக்கும் விற்கிறது. கிழமை இல்லாத 4ஆர்35, என்ஹெச்35 ஆகிறது. உலகம் முழுக்கச் சின்னச் சின்ன கடிகார நிறுவனங்கள் இந்த இரண்டை வைத்தே பிழைக்கின்றன. அதனால் மெஷின் தனியாகக் கிடைக்கும், உதிரி பாகம் கிடைக்கும், அதைக் கழற்றிப் பழகிய கைகளும் எங்கும் இருக்கும். மெஷின் மட்டுமில்லை, டர்டிலுக்குக் கண்ணாடி, பெசல் தட்டு, கிரவுன் என்று எல்லாவற்றுக்கும் வெளியார் தயாரிப்புகள் குவிந்து கிடக்கின்றன.

ஒரு சின்ன எச்சரிக்கை. டர்டிலின் கிரவுன் 4 மணிப் பக்கம் இருப்பதால் மெஷின் கொஞ்சம் திரும்பித்தான் உட்கார்ந்திருக்கும். கிரவுன் 3 மணிக்கு நேராக இருக்கும் கடிகாரத்துக்கான தேதித் தட்டோடு புதிய மெஷினைப் பொருத்தினால், எண்கள் ஜன்னலில் கோணலாகத் தெரியும். பழைய மெஷினிலுள்ள தேதி, கிழமைத் தட்டுகளைக் கழற்றிப் புதியதில் மாட்டச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமலே செய்கிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கமாசுவின் கதை வேறு. ஓரியன்ட் இன்று சீகோவின் உறவு நிறுவனமான எப்சன் கையில் இருப்பதால் ‘இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே’ என்று பலர் நினைக்கிறார்கள். மெஷின் விஷயத்தில் அப்படி இல்லை. எஃப்6922 ஓரியன்ட்டின் சொந்தத் தயாரிப்பு, பெரும்பாலும் ஓரியன்ட் கடிகாரங்களில்தான் ஓடுகிறது. நல்ல மெஷின், உறுதியான மெஷின் என்றுதான் கையாண்டவர்கள் சொல்கிறார்கள். ஆனால் என்ஹெச்36 மாதிரி அலமாரியிலிருந்து எடுத்துப் போடுகிற சரக்கு அல்ல. பழுதானால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும், அல்லது இன்னொரு ஓரியன்ட்டைப் பலி கொடுக்க வேண்டும், அல்லது முழு சர்வீஸ் செய்யத் தெரிந்த, செய்ய மனமுள்ள ஆளைத் தேட வேண்டும்.

இதை யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு முடிவு தெளிந்தது. கமாசுவின் பெரிய பலம் சபையர் கண்ணாடி. அது எனக்கு வேண்டுமென்றால் நாளைக்கே டர்டிலில் மாட்டிக்கொள்ளலாம். கமாசுவின் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு ரிப்பேர்காரரின் கால் மணி நேரம் போதும். டர்டிலின் பலமோ சுலபமாகக் கிடைக்கும் மெஷின். அதைக் கமாசுவுக்கு அவ்வளவு சுலபமாக வாங்கி மாட்ட முடியாது.

இந்த வாதத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கமாசு சந்தைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை, நான் பார்த்த ஒரே கமாசுவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. சர்வீஸே பார்க்காமல் அது பதினைந்து வருஷம் ஓடினால் என் கவலை வீண் கவலை. இன்னொன்று, மெஷினை மாற்றினால் ‘அது பழைய கடிகாரமே இல்லை’ என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த உணர்வு இல்லை. உங்களுக்கு இருக்கும் என்றால் என் காரணத்தில் பாதி பலம் போய்விடும்.

என் வாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு டைவ் வாட்ச்சில் போய் முடியும்: இன்விக்டா 8926. அதில் என்ஹெச்35 இருக்கிறது, 200 மீட்டர் இருக்கிறது, மூன்றில் மலிவும் அதுதான். நியாயமாகப் பார்த்தால் நான் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ரோலெக்ஸ் சப்மரைனரை அப்படியே உரித்து வைத்த தோற்றமும், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் செதுக்கிய பெயரும் என்னைத் தள்ளி நிறுத்தின. இது ரசனை, காரணம் அல்ல. உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் தாராளமாக எடுங்கள்.

சிட்டிசனின் டைவ் வாட்ச் என்ஒய்0040 பற்றியும் கேட்பீர்கள். கிரவுன் 8 மணிப் பக்கம் இருப்பதால் புறங்கையைக் குத்தாது. அதன் மியோட்டா 82 வரிசை மெஷின் குடும்பமும் எங்கும் கிடைப்பதுதான். கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர் என்ற எடைத் தட்டு ஒரு திசையில் மட்டும்தான் சாவி ஏற்றும், மறு திசையில் வெறுமனே சுழலும். சிலருக்கு அந்தச் சத்தமே எரிச்சல். நான் கையில் கட்டிப் பார்த்ததோடு சரி, வைத்துப் பழகியதில்லை, அதனால் இதற்கு மேல் பேசமாட்டேன்.

2019 வாக்கில் நிறுத்தப்பட்ட சீகோவின் பழைய டைவ் வாட்ச் எஸ்கேஎக்ஸ்007ஐ இன்னும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் 7எஸ்26 மெஷினுக்குச் சாவியும் கொடுக்க முடியாது, விநாடி முள்ளும் நிற்காது. பழையதாகக் கிடைப்பவற்றில் பலதும் பாகம் மாற்றியவை. மறுவிற்பனை மதிப்பை நினைத்து வாங்குவதென்றால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. கமாசுவுக்கும் டர்டிலுக்கும் அந்தக் கேள்வியே தேவையில்லை, இரண்டிலும் விற்றுச் சம்பாதிக்கப் போவதில்லை.

டர்டில் என்று முடிவு செய்தால், பணம் கொடுக்கும் முன் பெசல் முக்கோணம் 12க்கு நேராக நிற்கிறதா, டயலைச் சுற்றியுள்ள நிமிட வளையம் கோணலாக இல்லையா என்று பாருங்கள். சீகோ வாங்குகிறவர்களிடையே இது ரொம்ப நாளைய புலம்பல். கமாசு என்றால், உங்கள் ரிப்பேர்காரரிடம் ஓரியன்ட் மெஷினைத் திறந்து வேலை பார்த்திருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் கடலில் இறங்கி வந்த பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பெசலை நாலு சுற்று சுற்றிவிடுங்கள். ராத்திரி 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் நடுவே தேதியை மாற்றாதீர்கள், அந்த நேரத்தில் உள்ளே பற்சக்கரம் தேதித் தட்டைப் பிடித்திருக்கும். அடிக்கடி தண்ணீரில் இறங்குகிறவரானால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ரப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்து வாங்கிக்கொள்ளுங்கள். டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருப்பது அந்த வளையங்கள் புதிதாக இருந்த நாளின் கணக்கு.